ஜன்னல் வெளிச்சமும் வெட்டவெளி வெயிலும்: ஓவியர் இளையராஜாவின் யதார்த்தம் குறித்து

கேள்வி

ஓவியர் எஸ். இளையராஜா 2021 ஜூனில் கொரோனாவுக்குப் பலியானார். அப்போது குவிந்த அஞ்சலிகளில் ஒரு பாராட்டு திரும்பத் திரும்ப வந்தது: இது போட்டோ இல்லை, ஓவியம் என்றால் நம்பவே முடியவில்லை. அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே, நவீன ஓவியத்தோடு பழகியவர்களின் பேச்சில் இதுவே குறையாகவும் வந்துகொண்டிருந்தது: போட்டோ மாதிரி இருக்கிறது, அவ்வளவுதானே. புகழ்ந்தவர்களும் ஒதுக்கியவர்களும் கையில் வைத்திருந்தது ஒரே அளவுகோல். அது போதாது என்பது இக்கட்டுரையின் முதல் வாதம். ஒரு யதார்த்த ஓவியரை எவ்வளவு தத்ரூபமாக வரைந்தார் என்று அளப்பது தொடக்கநிலைத் தேர்வு. அவர் எதைப் பார்க்கத் தேர்ந்தார், எந்த வெளிச்சத்தில் பார்த்தார், எதன்மீது பார்வையைச் செலுத்தாமல் நகர்ந்தார் என்பவைதாம் ஆய்வுக்குரியவை.

இந்தக் கேள்வியைக் கொள்ளிடத்தின் வடகரையிலிருந்து, அரியலூர், பெரம்பலூர் பக்கமிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறி அணைக்கரைப் பாலத்தைக் கடந்தால் கும்பகோணம், இளையராஜாவின் ஊர்ப்பக்கம். இடையில் ஓர் ஆறுதான். ஆனால் தெற்கே வண்டலும் வாய்க்காலும் ஓட்டு வீடுகளும். வடக்கே செம்மண்ணில் முந்திரி, கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும், அதற்கும் கீழே சுண்ணாம்புக்கல். தமிழ்க் கிராமத்தின் முகம் என்று அவருடைய ஓவியங்கள் கொண்டாடப்பட்டபோது, அது எந்தக் கிராமம் என்று கேட்க இந்தக் கரை வசதியான இடம்.

வந்த வழி

கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பல் அவருடைய ஊர். சகோதரிகள் பலர் இருந்த பெரிய குடும்பம். அவர் வாழ்நாள் முழுக்க வரைந்த பெண்களின் முதல் மாதிரிகள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் முதுகலை வரை பயின்றார். எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் இரண்டிலும் தேர்ந்த கை. ‘திராவிடப் பெண்கள்’ என்ற ஓவிய வரிசை அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆனந்த விகடன் முதலான இதழ்கள் வழியாக அது லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போயிற்று. பெயர் இசையமைப்பாளருடையதாகவும் இருந்ததால் ‘ஓவியர்’ என்ற அடைமொழி இல்லாமல் அவரை யாரும் குறிப்பிடுவதில்லை.

இந்தச் சுருக்கமான வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று அவர் படித்த கல்லூரி. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. 1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் பொறுப்பேற்றார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவருடையது. உடலின் தசையையும் எலும்பையும் படித்தவரின் யதார்த்தம் அதில் உண்டு. அவருக்குப் பின் 1957இல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். எழுத்துகளும் குறியீடுகளும் கோடுகளுமாக அவருடைய ஓவியம் மாறியது. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. ‘சென்னை இயக்கம்’ என்று இன்று கலை வரலாற்றில் எழுதப்படுவதன் நடுத்தூண் இந்தக் கல்லூரிதான். உருவத்தை அச்சாக வரைவது அங்கே பயிற்சியாக நீடித்தது. மதிப்புமிக்க இலக்காக நீடிக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் படித்துவிட்டு, பயிற்சியையே இலக்காக வைத்துக்கொண்ட ஒருவர் வெளியே வந்தார். இது அறியாமை அல்ல, ஒரு முடிவு. அவரைப் பற்றிய பேச்சில் இந்த முடிவுக்குரிய மரியாதை அவருக்குத் தரப்படவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு முகாம்கள்

தமிழில் படம் பார்க்கும் பழக்கம் இரண்டாகப் பிரிந்து வளர்ந்தது. ஒரு பக்கம் ரவிவர்மாவிலிருந்து கிளைத்தது. 1894இல் அவர் தொடங்கிய அச்சகம் தெய்வங்களையும் புராண நாயகிகளையும் வண்ணப் படங்களாக வீடுதோறும் கொண்டுசேர்த்தது. பிறகு கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் காலண்டர் படங்களால் நம் பூஜை மாடங்களை நிரப்பினார்கள். வார இதழ்களில் சில்பி கோயில் சிற்பங்களைக் கல்லின் சொரசொரப்போடு வரைந்தார். மாருதி மூன்று தலைமுறை வாசகர்களுக்குப் பெண்முகம் என்றால் இப்படித்தான் என்று ஒரு வார்ப்பைப் பழக்கினார்.

மறுபக்கம் சிறுபத்திரிகை. 1968இல் ‘நடை’, 1970இல் ‘கசடதபற’ என்று வந்த இதழ்களைச் சுற்றி எழுத்தாளர்களும் சென்னை ஓவியர்களும் கைகோத்தார்கள். புதுக்கவிதைக்குப் பக்கத்தில் புதிய கோட்டோவியம் இடம்பிடித்தது. வார இதழின் கதைக்கு விளக்கப்படம் போடுகிறவர் ஒரு சாதி, சிறுபத்திரிகை அட்டைக்குக் கோடு இழுக்கிறவர் வேறு சாதி என்ற எண்ணம் அப்போது உருவானதுதான்.

இந்தப் பிரிவைத் தன் உடலிலேயே சுமந்தவர் கே.எம். ஆதிமூலம். 1938இல் துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர். பெரம்பலூர்க்காரர்கள் பக்கத்து ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடலாம். சென்னைக்கு வந்த புதிதில் அவருக்கு வழிகாட்டியவர் சில்பி. கல்லூரியில் ஆசிரியராக வாய்த்தவர் சிற்பி தனபால். உருவச் சாயலில் தொடங்கிய அவருடைய கை, காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் வரைந்த நூறு கோட்டோவியங்களில் சாயலைக் காப்பாற்றிக்கொண்டே கோட்டை விடுவித்தது. அதன் பின் மன்னர்கள் வரிசை. இறுதியில் உருவமே கரைந்த வண்ணவெளி. அவரளவில் இது நேர்மையான பயணம். சிக்கல் என்னவென்றால், ஒரு பெரிய ஓவியரின் சொந்தப் பயணத்தை நாம் ஓவியக் கலையின் பொதுவிதியாக எடுத்துக்கொண்டோம். உருவம் என்பது ஏறித் தாண்ட வேண்டிய படி, அதிலேயே உட்கார்ந்திருப்பவர் வளராதவர் என்று ஆகிவிட்டது. ஆதிமூலம் இந்தப் படிக்கட்டை யாருக்கும் கட்டளையாக எழுதிவைக்கவில்லை. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவரும் அவரேதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இதன் விளைவை விமர்சன மொழியில் பார்க்கலாம். அரூப ஓவியத்தைப் பற்றிப் பேசத் தமிழில் ஓரளவு சொற்கள் சேர்ந்தன: வெளி, கோடு, இழைநயம், லயம். யதார்த்த ஓவியத்துக்கு வந்தபோது ‘தத்ரூபம்’, ‘உயிரோட்டம்’ என்ற இரண்டோடு கடையை மூடிவிட்டோம். இளையராஜா வந்தபோது பாராட்டவும் குறைசொல்லவும் கையிருப்பு அவ்வளவுதான்.

கேமராவும் கையும்

போட்டோவைப் பார்த்து வரைந்தால் அது ஓவியமா என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். ரவிவர்மா காலத்திலேயே இந்தியச் சித்திரக்காரர்களின் மேசையில் போட்டோ இருந்தது. ஐரோப்பிய ஆசான்களே ஆடியையும் குவிவில்லையையும் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 2001இல் ஒரு நூலே எழுதினார். அவருடைய வாதத்தை எல்லா வரலாற்றாசிரியர்களும் ஏற்கவில்லை. ஆனால் அந்த விவாதத்துக்குப் பிறகு, கருவியைத் தொட்டதாலேயே ஓர் ஓவியம் தாழ்ந்தது என்று சொல்லும் துணிச்சல் பலருக்குப் போய்விட்டது. பார்க்க வேண்டியது, கேமரா கொடுக்க முடியாத எதைக் கை கொடுத்தது என்பதே.

ஓட்டு வீட்டு அடுக்களை ஒன்றைப் பகல் பதினோரு மணிக்குப் போட்டோ எடுத்துப் பாருங்கள். ஜன்னலுக்கு ஒளியளவை வைத்தால் உள்ளே எல்லாம் கரியாகிவிடும். உள்ளே இருப்பவளின் முகத்துக்கு வைத்தால் ஜன்னல் வெந்த சுண்ணாம்பாக வெளுத்துப் போய்விடும். இன்றைய செல்போன் இரண்டையும் ஒட்டித் தந்துவிடுகிறது. தந்த பிறகு இரண்டிலும் உயிர் இருப்பதில்லை. இளையராஜாவின் உள்வீட்டுக் காட்சிகளில் ஜன்னல் சட்டத்தின் விளிம்பு வெளிச்சத்தில் எரிகிறது. அதே படத்தின் மறுகோடியில் புகைபிடித்த சுவரின் வழவழப்பு, அதில் அடித்த ஆணி, ஆணிக்குக் கீழே விழும் மெல்லிய நிழல் வரை தெரிகிறது. ஒரே நொடியில் எந்தக் கேமராவும் இதைப் பார்த்திருக்காது. கண் அப்படித்தான் பார்க்கும்: ஜன்னலைப் பார்த்துவிட்டு, இருட்டுக்குப் பழகி, சுவருக்குப் போய், மறுபடி முகத்துக்குத் திரும்பும். பல பார்வைகளின் தொகுப்பை ஒரு கணமாகத் தோன்ற வைத்ததுதான் அவருடைய வித்தை. ‘போட்டோ மாதிரி’ என்று சொல்கிறவர்கள் போட்டோவையும் சரியாகப் பார்த்ததில்லை.

எவர்சில்வர் பாத்திரத்தை அவர் கையாளும் விதத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். தொடக்கநிலை ஓவியர் எவர்சில்வர் என்றால் சாம்பல் நிறத்தைக் குழைப்பார். குடத்துக்கென்று சொந்த நிறம் கிடையாது. வயிற்றுப் பகுதியில் பக்கத்திலிருக்கும் பெண்ணின் புடவைச் சிவப்பு வளைந்து நீண்டு கிடக்கும். அடியில் தரையின் காவி. கழுத்தில் இருட்டான கூரை ஒரு கோடாக. இவற்றுக்கு நடுவே அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை, அது ஜன்னல். அந்த வெள்ளையை ஒரு விரற்கடை தள்ளி வைத்தாலும் குடம் நசுங்கிவிடும். எண்ணெய் வண்ணத்தில் இதைக் கடைசித் தொடுகையாக வைக்கலாம், பிடிக்கவில்லையென்றால் வழித்தெடுக்கலாம். நீர்வண்ணத்தில் அந்த வசதி கிடையாது. தாளின் வெள்ளையைத் தொடக்கத்திலிருந்தே தொடாமல் காப்பாற்றி வரவேண்டும். எங்கே வண்ணம் போடக் கூடாது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஊடகம் அது. இரண்டையும் ஒரே உறுதியோடு செய்தவரைப் ‘பார்த்து வரைகிறவர்’ என்று சொல்லிக் கடப்பது நியாயமில்லை.

கறுப்பு

அவருடைய சாதனையில் முதலிடம் தரவேண்டியது இதற்குத்தான் என்பது என் கணிப்பு. ரவிவர்மாவின் நாயகியர் பெரும்பாலும் வெளுத்த நிறத்தவர். காலண்டர் லட்சுமிக்கு ரோஜா நிறம். வார இதழ் அட்டையும் சினிமாவும் விளம்பரமும் அதையே தொடர்ந்தன. தென்னாட்டின் கறுத்த உடல்களை நவீன ஓவியத்தில் கவனித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் அம்ரிதா ஷெர்கில். தெற்கே பயணம் செய்துவிட்டு 1937இல் மணமகளின் அலங்காரம், பிரம்மச்சாரிகள், சந்தைக்குப் போகும் கிராமத்தார் என்று அவர் வரைந்த மூன்று ஓவியங்கள் புகழ்பெற்றவை. பாரிஸில் கற்ற மேற்கத்திய யதார்த்தத்தைக் கைவிட்டு, உருவங்களைத் தட்டையாக்கி, அஜந்தாவின் பக்கம் சாய்ந்துதான் அவரால் அந்த உடல்களை எட்ட முடிந்தது. இளையராஜா எதிர்த்திசையில் போனார். ஷெர்கில் விட்டுவிட்டு வந்த அதே உருண்ட, ஒளிபட்ட யதார்த்தத்தை எடுத்துக்கொண்டு, அது காலங்காலமாக வெள்ளைத் தோலுக்கே பழகிய முறை என்பதைப் பொருட்படுத்தாமல், அதைக் கறுத்த தோலுக்குப் பழக்கினார்.

கறுத்த தோலை வரைவது தொழில்நுட்ப ரீதியிலும் வேறு வேலை. வெளுத்த தோலில் நிழலைக் கூட்டிக்கொண்டே போகலாம். கறுத்த தோலில் நிழலுக்குக் கறுப்பைக் குழைத்தால் முகம் கரியாகும், சேறாகும். நிழலில் செம்பழுப்பின் சூடு இருக்க வேண்டும். ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் ஒரு குளிர்ந்த நீலம் லேசாக ஓட வேண்டும். எண்ணெய் தடவிய முன்நெற்றியில் விழும் ஒளி, கழுத்து மடிப்பில் விழும் ஒளியைப்போல் இருக்காது. இளையராஜாவின் பெண்களின் தோளிலும் புறங்கையிலும் இந்த வேறுபாடுகளைக் காணலாம். ‘திராவிட’ என்ற சொல்லுக்கு அரசியல் மேடையில் கிடைக்கும் பொருள் எதுவானாலும், அவருடைய கித்தானில் அது ஒரு நிறத்தைப் பொறுமையாகக் கற்றுக்கொண்டதன் பெயர்.

பாதிக் கிணறு தாண்டினார் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறம் மாறிற்று, வயதும் வார்ப்பும் அவ்வளவாக மாறவில்லை. அவருடைய நாயகியர் பெரும்பாலும் இளம்பெண்கள், லட்சணமானவர்கள், உடலில் உழைப்பின் சேதாரம் படாதவர்கள். வெளுத்த அழகியின் இடத்தில் கறுத்த அழகி உட்கார்ந்தாள். அழகி உட்கார வேண்டிய இடம் என்று ஒன்றை ஒதுக்கிவைக்கும் வழக்கம் தொடர்ந்தது. இதைச் சொல்வதால் முதல் பாதியின் மதிப்பு குறைந்துவிடாது. அம்மா நிறத்தில், அக்கா நிறத்தில் ஒரு பெண் படத்தில் ஆசைப்படத்தக்கவளாகத் தெரிவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல.

நிறுத்திவைத்த கடிகாரம்

இளையராஜா வரைந்த வீடு எந்த ஆண்டு வீடு? அவர் முழுவேகத்தில் வரைந்த காலத்தில் காவிரிப் படுகையின் வீடுகளில் நடந்தவை நமக்குத் தெரியும். 2006 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அரசின் இலவசக் கலர் டிவி வந்தது. 2011க்குப் பிறகு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. கேஸ் அடுப்பு, பிளாஸ்டிக் குடம், செல்போன் என்று அடுக்களை மாறிவிட்டது. நான் பார்த்த அவருடைய உள்வீட்டுக் காட்சிகளில் இவற்றைக் காணோம். விறகடுப்பு எரிகிறது, மரத்தூண் நிற்கிறது, அரிக்கன் விளக்கு தொங்குகிறது, பெண் கைத்தறிச் சேலையோ பாவாடை தாவணியோ கட்டியிருக்கிறாள். இந்த ஒழுங்கு தற்செயலாக அமைந்திருக்க முடியாது. யதார்த்த முறையில் வரையப்பட்ட ஞாபகம் என்று இவற்றை வாசிப்பதே பொருத்தம்.

இதை வைத்து அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ஜன்னலோரப் பெண்களும் அன்றைய டெல்ஃப்ட் நகரத்தின் சந்தடியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு நிற்பவர்கள்தாம். எல்லா யதார்த்த ஓவியரும் அறையைத் துப்புரவு செய்துவிட்டே தொடங்குகிறார்கள். எதைப் பெருக்கித் தள்ளுகிறார்கள், யாருக்காக என்பதில்தான் வேறுபாடு. ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் போட்டவர்கள், அதன் தூண்களையும் கதவுகளையும் பழம்பொருள் வியாபாரிகளுக்கு விற்றவர்கள், நகரத்து அடுக்குமாடியில் குடியேறியவர்கள்: இந்தத் தலைமுறைக்குத் தாங்களே இடித்த வீடு படமாக வேண்டியிருந்தது. அந்தத் தேவையை இளையராஜாவின் ஓவியம் நிறைவு செய்தது. அது சந்தையாகவும் அமைந்தது. யதார்த்த ஓவியரின் பிழைப்பைப் பற்றிப் பேசும்போது சந்தை என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கும் வழக்கத்தை நாம் விட்டுவிடலாம். சுருங்கிய விலைக்குக்கூட விற்காத அரூபம் அதனாலேயே புனிதமாகிவிடுவதில்லை.

பெண்ணின் இருப்பு குறித்து இரண்டு வாசிப்புகள் சாத்தியம். இவள் எப்போதும் காத்திருக்கிறாள், வாசலையோ ஜன்னலையோ பார்த்தபடி யாருக்காகவோ நிற்கிறாள், ஆணின் பார்வைக்காக அடுக்களையில் வைக்கப்பட்ட சிலை என்பது ஒன்று. இதில் நியாயம் உண்டு. உலை கொதிக்கும் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் இவ்வளவு ஓய்வு வாய்க்காது. வேலைகளுக்கு நடுவே அவள் திருடிக்கொண்ட ஐந்து நிமிடத்தைத்தான் ஓவியர் பார்க்கிறார், அந்த ஐந்து நிமிடமே அவளுக்குச் சொந்தமான பொழுது என்பது மற்றொன்று. அவளுடைய கண்கள் பார்வையாளரைச் சந்திக்காமல் வேறெங்கோ போகும் படங்களில் இரண்டாவது வாசிப்பின் பக்கம் சாய்கிறேன். பூவும் நகையுமாக நேர்கொண்டு பார்க்க வைக்கப்பட்ட படங்களில் முதல் வாசிப்புதான் வெல்கிறது. ஒரே ஓவியரிடம் இரண்டும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாத எந்த மதிப்பீடும் அரைகுறையானது.

அக்கரை

இப்போது ஆற்றைத் தாண்டி வடகரைக்கு வரலாம். அதற்கு முன் ஒரு படத்தைப் பார்த்துவிடுவோம். ஐரோப்பாவில் யதார்த்தவாதம் என்ற இயக்கம் தலையெடுத்தபோது அதன் அடையாளமாக நின்ற படம் குஸ்தாவ் கூர்பேயின் ‘கல்லுடைப்பவர்கள்’. 1849இல் வரையப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் அழிந்துபோனது. கிழிந்த சட்டையும் தேய்ந்த செருப்புமாக இருவர் சாலையோரம் கல்லுடைக்கிறார்கள்; இருவர் முகமும் நமக்குக் காட்டப்படவில்லை. பாரிஸ் ரசிகர்களைத் தொந்தரவு செய்தது அதன் தத்ரூபம் அல்ல. அரசர்களுக்கும் புராணத்துக்கும் ஒதுக்கிவைத்த பெரிய கித்தானில் இவர்கள் வந்து நின்றதுதான். யதார்த்தம் என்ற சொல்லுக்கு இப்படி ஒரு கடன் உண்டு.

கல்லுடைப்பு பெரம்பலூருக்குப் புதிதல்ல. மாவட்டத்தின் கல் குவாரிகளும் கிரஷர்களும் நெடுஞ்சாலையிலிருந்தே கண்ணில் படும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலைகள், லாரிகள் போகும் பாதையெல்லாம் வெண்புழுதி. செட்டிகுளம் வட்டாரத்தில் சின்ன வெங்காயம். அறுவடை நாளில் அந்த வயலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். தலையில் துண்டு, அதன் நுனி வாயையும் மூக்கையும் மறைத்திருக்கும். இந்தச் சட்டை தமிழ்க் கிராமத்துக் கூலிப்பெண்ணின் சீருடையாகி வெகுநாளாகிறது. வெயிலுக்கும் சுணைக்கும் தூசிக்கும் அது கவசம். உழைப்பாளர் சிலையில் பாறையைப் புரட்டும் நால்வரும் ஆண்கள் என்பதால் அங்கும் அவளுக்கு இடமில்லை. வார இதழ்ப் படத்திலும் இளையராஜாவின் வரிசையிலும் நான் அவளைக் கண்டதில்லை.

விடுபட்டதற்குக் காரணம் விருப்பம் மட்டும்தானா? ஓவிய முறையும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். இளையராஜாவின் கலை பக்கவாட்டு வெளிச்சத்தை நம்பியது. ஜன்னல் ஒரு பக்கம், இருட்டு மறுபக்கம், நடுவில் முகம் உருண்டு வரும். வெங்காய வயலில் உச்சிவெயில் தலைக்கு நேரே இறங்குகிறது. கண்குழி இருண்டு, மூக்கு நுனி வெளுத்து, முகத்தின் அழகு சிதறிவிடும். சுரங்கப் பக்கம் போனால் இன்னும் சிக்கல்: வெளிர்ந்த நிலம் கீழிருந்து ஒளியைத் திருப்பி அடிப்பதால் தாடைக்குக் கீழே இருக்க வேண்டிய நிழலும் கரைந்துவிடும். புழுதி எல்லா நிறங்களையும் ஒரே பழுப்புக்கு இழுத்துவிடும். முகமோ துண்டுக்குள். தோலின் ஒளியை வரையத் தேர்ந்த ஒருவருக்கு இங்கே தோலே கிடைப்பதில்லை. கிடைப்பது வெளுத்த சட்டைத்துணியும் இரண்டு கண்களும்தான். ஆக, இந்தப் பெண்ணை வரைய விரும்பும் யதார்த்த ஓவியர் இளையராஜாவின் திறமையைக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது, அவருடைய வெளிச்சத்தை விட்டுவிடவும் வேண்டும். அவர் செல்லாத திசையைக் காட்டுவது அவரைக் குறை சொல்வதாகாது. அவருடைய படங்களையே தமிழ்க் கிராமத்தின் முழு முகம் என்று நாம் ஏற்றுக்கொண்டதுதான் பிழை.

இந்த மாவட்டங்களில் அப்படி ஒருவர் எங்கிருந்து வருவார் என்பது அடுத்த கேள்வி. ஒருகாலத்தில் பேருந்து நிலையத்தைச் சுற்றி ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் பெயர்ப்பலகைக் கடைகள் இருந்தன. சிறிய போட்டோவில் கட்டம் போட்டு, சுவரில் பெரிய கட்டம் போட்டு, தலைவரின் முகத்தை ஆளுயரத்துக்கு ஏற்றுகிறவர்கள் அங்கே உருவானார்கள். சிறுநகரத்து யதார்த்தப் பள்ளி அதுதான். இரண்டாயிரத்துக்குப் பின் ஃப்ளெக்ஸ் வந்தது, கடைகள் கம்ப்யூட்டர் மையங்களாயின, பிரஷ் பிடித்தவர்கள் பெயின்ட் கான்ட்ராக்டுக்குப் போனார்கள். பள்ளியில் டிராயிங் மாஸ்டரின் நிலையும் நல்லதாக இல்லை. 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அந்தச் சம்பளத்தில் அவர் தனக்கென்று ஒரு டியூப் எண்ணெய் வண்ணம் வாங்குவாரா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஓவியம் படிக்க ஆசைப்படும் ஜெயங்கொண்டத்துப் பிள்ளை இன்றும் ஆற்றைக் கடந்து கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். போகும் வழியில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பத்தில், குனிந்த தலையின் பணிவைக் கல்லில் பார்த்துவிட்டுப் போகலாம். அரியலூர் என்றால் அந்தக் கோயில், சிமெண்ட், புதைபடிமம். பெரம்பலூர் என்றால் ரஞ்சன்குடிக் கோட்டை, சாத்தனூர் கல்மரம் என்று நம்மை நாமே அறிமுகப்படுத்திக்கொள்ளும் பட்டியலில் உயிருள்ள ஒரு முகம் இன்னும் சேரவில்லை.

செய்ய வேண்டியது

இங்கே வைத்த மதிப்பீடுகளைச் சரிபார்க்கவோ மறுக்கவோ வேண்டுமானால் ஓவியங்கள் வரிசையாகக் கண்முன் வேண்டும். இளையராஜாவின் படங்களைப் பெரும்பாலோர் பார்ப்பது செல்போன் திரையில், விரற்கடை அகலத்தில். அங்கே ஆண்டு இல்லை, அளவு இல்லை, எண்ணெயா நீர்வண்ணமா என்பதும் தெரிவதில்லை. வேறு கைகள் வரைந்தவையும் அவர் பெயரில் கலந்து உலவுகின்றன. மூலங்கள் பலவும் தனியார் வீட்டுச் சுவர்களில் உள்ளன. தொடக்ககாலப் படத்துக்கும் பிற்காலப் படத்துக்கும் இடையில் வெளிச்சம் எப்படி மாறியது, எப்போது அவர் முகத்தைவிட்டு அறைக்கு நகர்ந்தார் என்ற எளிய கேள்விகளுக்குக்கூட ஆண்டுக் குறிப்பில்லாமல் விடை சொல்ல முடியாது.

ஆகவே அவருடைய மூல ஓவியத்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுங்கள். நீளம், அகலம், ஊடகம், கையொப்பத்தின் பக்கத்தில் ஆண்டு இருந்தால் அது, வாங்கிய காலம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். ஒரு படியைக் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிக்கும், இன்னொன்றை அவர் படித்த சென்னைக் கல்லூரிக்கும் அனுப்பி வையுங்கள்.